ஒரு சொட்டு கூடினாலும் தப்பு!



மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாக மாறும். அதன்மீது எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். இப்படி நிறம் மாறுவதை வைத்தே, ஒரு கரைசலின் வீரியத்தை அளந்துவிடலாம். இதற்குத் 'தரம் பார்த்தல்' என்று பெயர்.

1790களில் பிரான்சில் குளோரின் நீரால் துணிகளை வெளுத்தார்கள். வீரியம் கூடினால் துணி நைந்துவிடும்; குறைந்தால் வெளுக்காது. வெறுமனே பார்த்தால் வீரியம் சரியாகத் தெரியுமா? தெக்ருவாசில் என்ற வேதியியல் அறிஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நீர் எவ்வளவு அவுரிச் சாயத்தின் நீல நிறத்தைப் போக்குகிறது என்று அளந்தார். வீரியம் தெரிந்துவிட்டது, துணியும் தப்பியது!

நீங்கள் மேல்நிலை வகுப்புக்குப் போனதும் இதைச் செய்வீர்கள். அமிலத்தைப் 'பிப்பெட்' என்ற குழாயால் சரியாக 20 மி.லி. எடுத்து, கூம்புக் குடுவையில் விட வேண்டும். அதில் பினாப்தலீன் இரண்டு சொட்டு சேர்க்க வேண்டும். இது 'நிறங்காட்டி'. அமிலத்தில் நிறமில்லாமல் இருக்கும், காரத்தில் இளஞ்சிவப்பாகும்.

அளவுக்கோடுகளும் அடியில் திருகுக் குழாயும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய்க்குப் 'பியூரெட்' என்று பெயர். அதில் வீரியம் தெரிந்த காரக் கரைசல் இருக்கும். அதுதான் 'திட்டக் கரைசல்'. குடுவையைச் சுழற்றியபடி சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மெல்லிய இளஞ்சிவப்பு மறையாமல் நின்றதா? உடனே நிறுத்துங்கள்! அதுவே 'முடிவு நிலை'.

20 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 10 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு செலவானால், அமிலத்தின் வீரியம் அந்தக் காரத்தின் வீரியத்தில் பாதி என்று பொருள்.

ஒரு சொட்டு கூடினால் நிறம் அடர்த்தியாகிவிடும். விழுந்த சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது. அப்போது பக்கத்து நண்பனின் அளவைப் பார்த்து எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்! குடுவையைக் கழுவி மறுபடி தொடங்குங்கள். இரண்டு முறை ஒரே அளவு வந்தால்தான் விடை சரி. தவறு செய்தவர் மறுபடி செய்யலாம். பொய் அளவு எழுதியவருக்கு உண்மை கடைசிவரை தெரியாது.

வீட்டில் செய்து பாருங்கள்: இரண்டு டம்ளர்களில் துணி சோப்புக் கரைசலைச் சம அளவில் எடுத்து, சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். சிவப்பாகும். ஒன்றில் எலுமிச்சைச் சாற்றையும், மற்றதில் சம அளவு தண்ணீர் கலந்த சாற்றையும், மஞ்சளாகும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். குடித்துவிடாதீர்கள்!

எதற்கு அதிகச் சொட்டு தேவைப்பட்டது? எத்தனை மடங்கு? எண்ணிப் பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள்!