அரசமைப்புச் சட்டம் எழுதிய அவையில் நம் பெண்

ஆண்டுதோறும் நவம்பர் 26 அன்று பள்ளிகளில் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை வாசிக்கிறோம். அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை அணிவிக்கிறோம். அந்தச் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தலித் பெண். இது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் தாட்சாயணி வேலாயுதன். பிறந்தது கேரளத்தில் என்றாலும், அவரை அந்த அவைக்கு அனுப்பியது நமது சென்னை மாகாணம்.

கொச்சியை ஒட்டிய முளவுகாடு தீவில், புலையர் சமூகத்தில், 1912 ஜூலை 4-ல் பிறந்தார் தாட்சாயணி. கொச்சி சமஸ்தானத்தில் அன்று புலையர்கள் பொதுச் சாலையில் நடக்க முடியாது. பெண்கள் மேலாடை அணியத் தடை. ஊர்க்கூட்டம் போடக்கூட தரையில் இடம் கிடையாது. 1913-ல் அந்த மக்கள் ஒரு வழி கண்டார்கள். படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டி, காயல் தண்ணீரின் மேலேயே மாநாடு நடத்தினார்கள். தண்ணீருக்குச் சாதி இல்லையே! தாட்சாயணியின் குடும்பத்தினரும் அந்த இயக்கத்தில் முன்னின்றவர்கள்.

அவருக்கு வைத்த பெயரே ஒரு மீறல்தான். புலையர் வீட்டுப் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் அப்போது பெயர் வைப்பார்கள். தாட்சாயணி என்பது மேல்சாதியார் தங்களுக்கென்று வைத்திருந்த பெயர்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தபோது, ஆய்வகத்தில் ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்டவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். 1935-ல் பட்டம் பெற்றார். நாட்டின் முதல் தலித் பெண் பட்டதாரி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பிறகு சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கொச்சி சமஸ்தானத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 10 ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1945-ல் கொச்சி சட்டமன்றக் கவுன்சில் உறுப்பினர். 1946-ல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அப்போது வயது 34.

அந்த அவையில் இருந்த ஒரே தலித் பெண் அவர்தான். பெயருக்கு உட்கார்ந்துவிட்டு வரவில்லை. எழுந்து பேசினார். 1948 நவம்பரில் வரைவுச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, அதிகாரத்தைப் பரவலாக்கும் எண்ணம் அதில் போதவில்லை என்று குறை சொன்னார். தனித்தொகுதி முறையையும் ஏற்கவில்லை. அதில் அவருடைய பார்வை அண்ணலின் பார்வையிலிருந்து வேறுபட்டது. அதே காலத்தில் சென்னையில், அண்ணல் தன் சகோதரியாகவே மதித்த மீனாம்பாள் சிவராஜ் வேறொரு அரசியல் பாதையில் நின்று மக்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். நம் பெண்கள் யார் பின்னாலும் தலையாட்டிப் போனவர்கள் அல்லர். சொந்தமாகச் சிந்தித்தார்கள், வாதாடினார்கள் என்பதற்கு இந்த இருவருமே சாட்சி.

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29-ல் விவாதத்துக்கு வந்தது. இன்று நாம் 17-வது பிரிவு என்று சொல்வது அதுதான். அதை ஆதரித்துப் பேசிய தாட்சாயணி ஒரு எச்சரிக்கையும் வைத்தார். தண்டனை மட்டும் போதாது. மத்திய, மாகாண அரசுகள் தீண்டாமைக்கு எதிராக மக்களிடம் பிரசாரம் செய்ய வேண்டும். மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இந்தச் சட்டம் வாழும் என்றார்.

அந்த எச்சரிக்கை எவ்வளவு சரியானது என்பதை நம் மண்ணிலேயே பார்த்தோம். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். படம் வெளிவந்த பிறகே வழக்கு வந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு தந்த மாநிலம் இது. சட்டம் பதவியைத் தந்தது. நாற்காலியை ஊர் தரவில்லை.

1978-ல் தாட்சாயணி மறைந்தார். கேரள அரசு இப்போது அவர் பெயரில் விருது வழங்குகிறது. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய சென்னை மாகாணத்தின் வாரிசுகளான நாம் அவரை மறந்துவிட்டோம். ஒரு தலித் மாணவி, "சட்டம் எழுதிய இடத்தில் நம் அம்மாக்களும் இருந்தார்களா?" என்று கேட்டால், "இருந்தார்கள்" என்று பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அந்த ஒரு பதில் அவளைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நிற்க வைக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் அச்சில் இருக்கின்றன. தாட்சாயணி பேசியதைத் தேடிப் படியுங்கள். வரும் நவம்பர் 26-ல் அண்ணலின் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் வையுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் உங்கள் ஊர்ப் பெண் தலைவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்றும் பாருங்கள். நாற்காலி இல்லையென்றால், ஏன் என்று கேளுங்கள்.