சிங்கிள் ரூம்ல லாஃப்ட் கட்டில்: வாங்கலாமா, வேண்டாமா?

சென்னையில சிங்கிள் ரூம்ல தங்கி, வாரத்துல ரெண்டு மூணு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் பார்க்கிறவங்களுக்கு இந்தப் பதிவு. கட்டில், பீரோ, அடுப்பு எல்லாம் ஒரே ரூம்ல. டேபிள் போட இடமில்ல. அப்போ ரெண்டு யோசனை வரும்: 1 பிஎச்கே-க்கு மாறலாம், இல்லன்னா ஏணி வச்ச லாஃப்ட் கட்டில் வாங்கி, அதுக்குக் கீழயே டேபிளைப் போட்டுக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. இப்போ வாடகை 9,000, 1 பிஎச்கே 14,000. மாசம் 5,000 வித்தியாசம். மூணு மாச அட்வான்ஸ்னு வச்சா இன்னொரு 15,000 முடங்கும். லாஃப்ட் கட்டில் 25,000, வண்டி வாடகை, ஃபிட்டிங் 3,000, காலி பண்ணும்போது 8,000-க்கு விக்கலாம்னு வைங்க. நிகரச் செலவு 20,000. நாலே மாசத்துல கட்டில் காசு திரும்பிடும்.

ஆனா பழைய டாக்ஸ் ரெஜிம்ல இருந்து எச்ஆர்ஏ விலக்கு எடுக்கிறவங்களுக்கு இந்த 5,000 முழு வித்தியாசம் கிடையாது. எச்ஆர்ஏ வரம்புக்குள்ள இருந்து 20% ஸ்லாப்னா, செஸ் சேர்த்து மாசம் 1,040 ரூபாய் வரியில மிச்சம். கட்டில் காசு திரும்ப அஞ்சு மாசத்துக்கு மேல ஆகும். புது ரெஜிம்ல எச்ஆர்ஏ விலக்கே இல்ல, அதனால 5,000-மும் நம்ம கையில இருந்துதான் போகும். கட்டில் செலவுக்கு எந்த ரெஜிம்லயும் கழிவு கிடையாது.

முக்கியமான கேள்வி: கட்டில் வாங்கலன்னா நீங்க நிஜமாவே 1 பிஎச்கே போவீங்களா? போக மாட்டீங்கன்னா மிச்சம்னு ஒண்ணுமே இல்ல, அந்த 20,000 வெறும் செலவுதான். கிரெடிட் கார்டுல நோ காஸ்ட் இஎம்ஐ போட்டாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி, பெரும்பாலும் ப்ராசஸிங் ஃபீயும் வரும்.

கணக்கு சரியா வந்தாலும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஃபேனைப் பாருங்க. இதை யாரும் சொல்றதில்ல! வழக்கமான சீலிங் ஃபேனோட வீச்சு 1200 மி.மீ., அதாவது நாலு அடி. 10-க்கு 10 ரூம்ல ஃபேன் நடுவுல இருந்தா, இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவுல மூணு அடிதான். கட்டில் அகலமும் மூணு அடி. மெத்தை தரையில இருந்து ஆறு அடி உயரத்துல இருந்து, நீங்க எழுந்து உட்கார்ந்தா தலை ஒன்பது அடிக்கு வந்துடும். பத்தடி உயர ரூம்ல ஃபேன் இறக்கை அதுக்கும் கீழதான் சுத்தும். தூக்கக் கலக்கத்துல கையை நீட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த மாதிரி ரூம்னா கணக்கே போட வேண்டாம், விட்டுடுங்க. மே மாசச் சூட்டுல கூரைக்கிட்ட படுக்கிறது வேற தனிக் கொடுமை!

என்னைக் கேட்டா, முதல்ல மடக்கு மெத்தையை ட்ரை பண்ணுங்க. காலையில சுருட்டி வச்சா டேபிளுக்கு இடம் தானா வரும். நம்ம வீட்டுல பாயை அப்படித்தானே சுருட்டி வச்சோம்.

லாஃப்ட்தான்னு முடிவு பண்ணிட்டா, சுவர்ல ட்ரில் போடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட வாட்ஸ்அப்ல சம்மதம் வாங்கி, சுவரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. காலி பண்ற அன்னைக்கு அட்வான்ஸ்ல பெயின்டிங் காசு பிடிக்கும்போது அதுதான் கை கொடுக்கும்.