சுரூபத்தின் முன் சற்று நேரம்



மாத்தளை மாவட்டம் அழகுக் கலைகளுக்குப் பெயர்பெற்ற மண். தம்புள்ளைக் குகைகளின் ஓவியங்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். ஹபுவித கிராமத்தின் அரக்கு வேலைப்பாடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது. இதே மாவட்டத்தில், கலேவெலைப் பகுதியிலுள்ள வஹகோட்டே என்னும் சிற்றூரில், பதுவைப் பதியரான புனித அந்தோனியாரின் பழமைமிக்க திருத்தலம் அமைந்துள்ளது.

குடும்பத்தோடு அங்கு சென்றால் நாம் முதலில் செய்வது என்ன? மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், சுரூபத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம், நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். ஆனால் அந்தச் சுரூபம் நம்மிடம் பேச விரும்புவதைக் கேட்டிருக்கிறோமா?

ஆலயக் கலை வெறும் அலங்காரமன்று. சந்திப்புக் கூடாரத்தை அழகுசெய்யப் பெசலேல் என்னும் கைவினைஞரை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரம் கூறுகின்றது. திருவுருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகின்றது என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. எழுத்தறியாத ஏழைக்கும் சுரூபமே திறந்த நூலாயிற்று.

அந்நூலை நாமும் வாசிப்போம். அந்தோனியாரின் துறவற உடை பிரான்சிஸ்கு சபையின் எளிமையைச் சொல்கின்றது. லீலி மலர் தூய்மையின் அடையாளம். புத்தகம் அவர் உயிரென மதித்த இறைவார்த்தை. கையிலுள்ள குழந்தை இயேசு, அவ்வார்த்தை மனுவுருவானதை நினைவூட்டுகின்றது. லிஸ்பனில் பிறந்த அவர் 1231இல் மறைந்தார். ஓராண்டுக்குள், 1232இல், புனிதராக உயர்த்தப்பெற்றார். அவர் போர்த்துக்கல் நாட்டவர் என்பதை வஹகோட்டேயில் நிற்கும்போது மறவாதீர்கள். இவ்வூரின் கதைக்கும் அந்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு.

17ஆம் நூற்றாண்டில் கண்டி அரசரின் ஆட்சியில் இங்குக் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தவர்களே இவ்வூர்க் கத்தோலிக்கர் என்பது மரபு. 1658இல் இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முற்றுப்பெற்றது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்தனர், குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த இருளில்தான் 1687இல், எளிய கூலியாளின் கோலத்தில், யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார் கோவைக் குருவான யோசேவ் வாஸ் அடிகளார். 1692இல் கண்டிக்கு வந்தவர் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையுண்டார். பின்னர் அங்கேயே உழைத்து, 1711 சனவரி 16இல் உயிர்நீத்தார். 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

குருக்கள் இல்லாத காலங்களில் கண்டி இராச்சியத்தின் சிற்றூர்களில் விசுவாசத்தைக் காத்தவர் யார்? தாய்மாரும் தந்தையருமே அல்லவா? இல்லத்தில் சொல்லப்பட்ட செபமாலையும், பிள்ளையின் நெற்றியில் வரைந்த சிலுவை அடையாளமும் அன்று ஆலயமாயின.

வஹகோட்டே மக்கள் தம் முன்னோரின் போர்த்துக்கேய மொழியை இழந்துவிட்டனர். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். மொழி மறைந்தது, மறை மறையவில்லை! நம் நிலையோ வேறு. நம் மொழி நம்மிடம் இருக்கின்றது. ஆலயமும் அண்மையில் இருக்கின்றது. ஆயினும் மாலை வேளையில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பேசும் நம் வீடுகளில், குடும்பச் செபம் ஒலிக்கின்றதா? நம் பேரப்பிள்ளைகள் எதை இழந்தாலும் எதை இழக்கலாகாது என்று நாம் முடிவு செய்திருக்கிறோமா?

ஆகவே, அடுத்தமுறை வஹகோட்டேக்கோ வேறெந்தத் திருத்தலத்திற்கோ செல்லும்போது, சுரூபத்தின் முன் சற்று நேரம் பிள்ளைகளோடு நில்லுங்கள். லீலி மலரையும் புத்தகத்தையும் குழந்தையையும் சுட்டிக்காட்டி, அவற்றின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். அருகில் சிங்களத்தில் மன்றாடும் சகோதரருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள். இருவரின் வேண்டுதலையும் கேட்பவர் ஒரே தந்தையே. வீடு திரும்பியபின், அன்றிரவே ஒரு விளக்கேற்றிக் குடும்பமாக முழந்தாளிடுங்கள்.

ஆலயத்தை அழகுசெய்தவர்கள் தம் கைகளால் இறைவனைப் புகழ்ந்தார்கள். நம் இல்லங்களை அழகுசெய்யும் பணி நம்முடையது. புனித அந்தோனியாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!