முகம் தெரியாத அண்ணாவிமார்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாக விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் நம்மவர் அழைப்பர். ஞாயிறு எழுவதையும் படுவதையும் வைத்து இட்ட பெயர்கள் அவை. சென்ற சித்திரை விடுமுறையில் படுவான்கரைக் கிராமம் ஒன்றிலே அன்பர் ஒருவரின் வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். விறாந்தைச் சுவரில் சுவாமி படங்களுக்கும் கலியாணப் படங்களுக்கும் நடுவே, கறுத்த சட்டமிட்ட பழைய நிழற்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தில் நின்றவர் வாலிபர். தலையிலே கெருடம், தோளிலே புயக்கட்டை, மார்பிலே கண்ணாடித் துண்டுகள் பதித்த பதக்கம், இடையிலிருந்து கரப்பைப் போல விரிந்து நிற்கும் கரப்புடுப்பு. வடமோடிக் கூத்தின் அரசன் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்ததோ ஐரோப்பிய மாளிகையின் படிக்கட்டும் பூச்சாடியும் தீட்டிய திரை! பாரதக் கதையின் மன்னர் ஒருவர் பட்டணத்து ஸ்ரூடியோவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

“இது யார், ஆச்சி?” என்று வீட்டு மூதாட்டியாரைக் கேட்டோம்.

“எங்கட அவர்ர வீட்டால வந்த படம் மனே. ஆரெண்டு எனக்குத் தெரியா. அவர் இருக்கக்குள்ள கேட்டிருக்கலாம்” என்றார்.

பழைய நாடகக் கலைஞரின் நிழற்படங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு. பழந்தாளுக்குப் பணம் கொடுக்கும் பைத்தியம் என்று நண்பர்கள் நகைப்பர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் உலகில் இப்பைத்தியம் பிடித்தவர் நாம் மட்டுமல்லர். நாடகத்துக்கும் நிழற்படத்துக்கும் ஏற்பட்ட உறவே இப்பழக்கத்தின் மூலம் என்பதால், அதைச் சிறிது விரித்துச் சொல்வோம்.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். அதற்கு ஓராண்டு முன்னர், 1838இல், கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்திலிருந்து ஆடல் மகளிர் குழு ஒன்று பாரிஸ் சென்று ஆடியது. அவர்களுள் அம்மணி என்பவரின் ஆடலைக் கண்டு வியந்த பிரெஞ்சுச் சிற்பி பார், அவரை வெண்கலச் சிலையாக வடித்தார். ஓராண்டு பிந்திச் சென்றிருப்பின் அம்மணியின் முகம் படத்திலும் பதிந்திருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் அந்நாளில் ஆடுபவர் எவரையும் படம் பிடிப்பது எளிதன்று. கண்ணாடித் தட்டில் ஈரப்பசை உலருமுன் படமெடுத்த காலத்திலும் பல விநாடிகள் ஆடாது அசையாது நிற்கவேண்டும். தலை அசையாதிருக்கப் பிடரியின் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவர். கூர்ந்து பார்த்தால் சில பழைய படங்களில் அத்தாங்கியின் அடிப்பாகம் காலருகே தெரியும்.

1854இல் பாரிஸ் நகரத்து டிஸ்டேரி என்பவர் ஒரே தட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அப்படங்களை வெட்டி, உள்ளங்கையில் அடங்கும் அட்டைகளில் ஒட்டி விற்றனர். முட்டையின் வெண்கருவில் உப்புச் சேர்த்துத் தாளிற் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் நனைத்து, வெயிலில் அச்சிட்ட படங்கள் அவை. தாள் மிக மெல்லிதாகையால் சுருளும். ஆகவே தடித்த அட்டை வேண்டியதாயிற்று. 1860களில் ஐரோப்பாவெங்கும் அரச குடும்பத்தார் படத்துக்கு அடுத்தபடியாக மக்கள் விரும்பி வாங்கியவை நடிகர், நடிகையர் படங்களே. குடும்ப அல்பத்தில் பாட்டனாருக்குப் பக்கத்திலே ஒரு பாடகி அமர்ந்திருப்பாள். 1866 அளவில் ‘கபினெற்’ என்னும் பெரிய அட்டை வந்தபின், வேடத்தின் மணியும் சரிகையும் தெளிவாகத் தெரியலாயின.

நியூயோர்க்கில் சரோனி என்பவர் இதையே பெருந்தொழிலாக்கினார். புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார்டுக்கு, தம் ஸ்ரூடியோவில் வந்து நிற்பதற்காகவே 1,500 டொலர் கொடுத்தார் என்பர். ஒஸ்கார் வைல்டை அவர் எடுத்த படம் நீதிமன்றம் வரை சென்றது. நிழற்படம் வெறும் இயந்திரத்தின் வேலையா, அன்றி ஒருவரின் ஆக்கமா என்பதே வழக்கு. அது ஆக்கமே, அதற்கு உரிமை உண்டு என 1884இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் இன்று உள்ள நாடகக் கலைஞர் படங்களுள் பெருந்தொகை, கை லிட்டில் என்ற தனி மனிதர் ஆசையோடு சேர்த்து விட்டுச்சென்றவை.

இக்கதையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. ஆங்கில நாடக மேடையின் அரசியெனப் பிற்காலத்தில் போற்றப்பட்ட எலன் ரெறியை, அவர் பதின்வயதுப் பெண்ணாயிருந்த 1864இல் படமெடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். கண்களை மூடிச் சுவரிற் சாய்ந்து நிற்கும் அந்த முகம் சேகரிப்போர் அனைவரும் அறிந்தது. அம்மையார் 1875இல் கணவருடன் இலங்கைக்குக் குடிவந்து, 1879இல் மலைநாட்டிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவர் கல்லறை இருக்கிறது.

அக்காலத்து இலங்கையில் ஸ்கீன், கண்டியில் லோட்டன், ஸ்கோவென், 1890 முதல் பிளாட்டே எனப் பல நிழற்பட நிலையங்கள் இருந்தன. பயணிகள் ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய படங்களில் இந்நாட்டு ஆடற் கலைஞரும் இருந்தனர். ஆனால் அட்டையின் அடியில் பெரும்பாலும் என்ன எழுதியிருக்கும்? ‘பேயாட்டக்காரர்’ என்று இருக்கும். அல்லது ‘கண்டி நடனக்காரர்’ என்று இருக்கும். எடுத்தவரின் பெயர் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். ஆடியவரின் பெயர் இராது. எலன் ரெறி என்றொரு பெண் இருந்தாள், ‘ஆங்கில ஆட்டக்காரி’ என்று ஒருத்தி இருக்கவில்லை. நம்மவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது நமக்குச் சற்றுச் சினம் வருவது உண்மை.

மட்டக்களப்புக் கூத்தருக்கு நேர்ந்ததோ இதற்கு மறுதலை. பெயர்கள் உண்டு. இன்ன ஊரில் இன்ன அண்ணாவியார் மத்தளம் அடித்தார், அவரிடம் பழகியவர் இன்னார் என்று மூன்று தலைமுறை வரை ஒப்பிக்கும் முதியவர்கள் இன்றும் கிராமங்களில் உளர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆடியவர்களின் முகங்களே இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. கூத்து ஆடுவது இரவில். மண்ணால் உயர்த்திய வட்டக்களரியில், தீப்பந்தமும் எண்ணெய் விளக்குமே துணையாக, விடியும்வரை ஆடுவர். பெற்றோமாக்ஸ் விளக்கு வந்தது பிற்காலத்திலேதான். மின்னலென எரிந்து ஒளி தரும் மக்னீசியத் தூளைப் படப்பிடிப்பாளர் கையாளத் தொடங்கியதே 1887இல். அந்த இருளில் சுழன்றாடும் ஒருவரை அக்காலக் கருவி எவ்வாறு பிடிக்கும்? பகலில் எடுக்கலாமெனில் கூத்தர் ஸ்ரூடியோவைத் தேடிப் போகவேண்டும். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். கல்லடிப் பாலம் திறந்தது 1924இல். அதற்கு முன் படுவான்கரை உழவர் ஒருவர் கரப்புடுப்பைத் தோணியில் ஏற்றிக்கொண்டு படமெடுக்கப் புறப்பட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நம் கூத்தர் விட்டுச்சென்றவை வேறு. ஏடுகள், அவற்றைப் பார்த்தெழுதிய கொப்பிகள், மத்தளங்கள், சதங்கைகள், பெட்டியில் மடித்து வைத்த உடுப்புகள். சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ நாடக இலக்கணத்தை ஆராய்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஊரூராகச் சென்று அண்ணாவிமாரைக் கண்டு, 1962இல் ‘அலங்காரரூபன் நாடகம்’ என்னும் தென்மோடிக் கூத்தை அச்சேற்றினார். அதே ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ‘கர்ணன் போர்’ ஆடினர். அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து நூலெழுதினார். இவர்கள் பாட்டையும் தாளத்தையும் ஆட்டத்தையும் காப்பாற்றினர். முகங்கள் மட்டும் வீட்டுச் சுவர்களிலும் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்தன.

கிடந்தவற்றுள்ளும் பல போயின. 1978 கார்த்திகை மாதத்துச் சூறாவளி கூரைகளோடு சுவர்ப் படங்களையும் கொண்டுபோயிற்று. போர்க்காலத்தில் உயிரைக் கையிற் பிடித்து ஓடியவர்கள் அல்பத்தையா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலை நாவலடி போன்ற கரையோர ஊர்களில் வீட்டையே விட்டுவைக்கவில்லை. ஆதலால் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு படமும், அது 1930இல் எடுத்ததாயினும் 1960இல் எடுத்ததாயினும், நமக்குப் பெரிது. அப்படத்தில் நிற்பவர் தம் பாட்டனாரிடம் ஆட்டம் பழகியவராயிருப்பின், அவ்வுடுப்பும் அந்த நிலையும் முகமில்லாத அந்தப் பாட்டனாரையே நமக்குக் காட்டும்.

வீட்டில் இத்தகைய படம் உள்ளவர்களுக்கு நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லலாம். வாவிக்காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. சட்டத்துக் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்தெடுக்க முயலவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் விருந்து. இதை நாம் அறிந்தது பட்டுத்தான். முதலில் சேர்த்த பன்னிரண்டு அட்டைகளை மாப்பசை தடவி அல்பத்தில் அழகாக ஒட்டினோம். இரண்டாம் மாரி முடியுமுன் ஐந்து படங்களின் முகங்களைப் பூச்சி தின்றுவிட்டது. இன்று நம்மிடம் அவர்களின் உடுப்பு மட்டுமே உண்டு. படத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்குக. பின்புறத்தில் மையூற்றுப் பேனாவால் எழுதினால் மை முன்புறம் ஊறும். மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும். பெயர், ஊர், ஆடிய கூத்து, ஏற்ற பாத்திரம், பழக்கிய அண்ணாவியார், இவ்வளவும் எழுதுங்கள். கைத்தொலைபேசியிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இலங்கைத் தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ணிம வடிவில் தொகுத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவை இருக்கையில், மாணவர்கள் ஆசிரியரின் துணையோடு தம் ஊர்ப் படங்களைச் சேர்ப்பது அரிதான காரியமன்று.

படுவான்கரை வீட்டுக்கு மீள்வோம். ஆச்சியின் அனுமதியோடு சட்டத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தோம். மங்கிய முத்திரையின் அடையாளம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. “அங்கால தெருவில எங்கட அவர்ர மச்சான் இருக்கார், அவரிட்டக் கேட்டுப் பாருங்க” என்றார் ஆச்சி. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு சென்றோம்.

மச்சான் முறையான அப்பெரியவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது; பார்வையும் குறைந்திருந்தது. படத்தைக் கண்ணருகே பிடித்துச் சிறிது நேரம் பார்த்தார். “அருச்சுனன்!” என்றார். ஆளின் பெயரைக் கேட்டோம். பெயர் உடனே வரவில்லை. முதலில் வந்தது அருச்சுனன் களரிக்கு வரும் வரவுப் பாட்டு. கைவிரல்களால் கதிரைச் சட்டத்தில் தாளம் தட்டியபடி அதைப் பாடி முடித்த பின்புதான் பெயர் வந்தது. அதோடு தகப்பன் பெயரும், சதங்கை அணிந்த கோயிலும், பழக்கிய அண்ணாவியாரும் வந்தனர்.

“பெருவெள்ளம் வந்ததே, அதுக்கு முந்தின சித்திரை. உடுப்ப ரெண்டு தோணியில ஏத்தினம். நானும் போனனான், சின்னப் பொடியன். காத்தடிச்சுக் கெருடம் தண்ணிக்குள்ள விழப்பாத்தது” என்று சிரித்தார்.

பெருவெள்ளம் 1957இன் இறுதியில் வந்தது. ஆகவே படம் அவ்வாண்டுச் சித்திரைக்குரியது. அவர் சொன்னவற்றையெல்லாம் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினோம். பெரியவர் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அண்ணாவியார் பெயரில் நாம் விட்ட ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். பொழுது படுமுன் படத்தைக் கொண்டுபோய் ஆச்சியின் விறாந்தையில் அதே ஆணியில் மாட்டினோம்.