நோயாளியின் சொல்லும் மருத்துவரின் எண்ணும்

புற்றுநோயாளர் படும் துன்பங்களுள் பல கருவிகளுக்குப் புலப்படுவதில்லை. வலி, அசதி, குமட்டல் ஆகியவற்றின் அளவை நோயாளியே சொல்லக் கேட்டறிய வேண்டும். இதன்பொருட்டுக் கனடாவின் எட்மண்டன் நகரில் எடுவர்டோ புருவேராவும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய வினாநிரல் 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்றைய வடிவில், ஒன்பது அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் நோயாளி 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் குறிக்கிறார். தொல்லை மிகுந்தால் எண்ணும் மிகும். அவ்வெண்ணைக் கொண்டு மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வதால், வினாவில் சொல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கக்கூடும்.

இத்தகைய வினாநிரலைத் தமிழாக்கும்போது எழும் இடர்ப்பாடுகளுள் சிலவற்றைக் காண்போம். உடல் அசதியைச் 'சோர்வு' என்றும் உளத்துயரை 'மனச்சோர்வு' என்றும் எழுதினால், இரண்டும் ஒரே வினாவென எண்ணி ஒரே விடையை அளிப்போர் இருப்பர். 'மயக்கம்' இன்னும் நுட்பமானது. அது தூக்கக் கலக்கத்தையும் தலைசுற்றலையும் நினைவிழத்தலையும் குறிக்கும். மார்பின் போன்ற வலிநீக்கிகள் தூக்கக் கலக்கத்தை உண்டாக்கக்கூடும்; அதைக் கேட்கும் வினாவும் இடம்பெற்றுள்ளது. தலைசுற்றலை எண்ணி ஒருவர் 8 எனக் குறித்தால், மருத்துவர் வலிநீக்கியைக் குறைக்கலாம். அடங்கியிருந்த வலி மீண்டும் எழலாம். 'பசி' என்று மட்டும் கேட்டாலோ, 10 என்பது நல்ல பசியா, பசியற்ற நிலையா என்ற ஐயம் எழும். ஆங்கில மூலத்திலும் இக்குழப்பம் நேர்ந்தமையால், திருத்திய வடிவம் பசியின்மை என்றே தெளிவாகக் கேட்கிறது.

எனவே மொழிபெயர்ப்புப் பணி படிப்படியாக நிகழ்கிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, அவற்றை ஒப்பிட்டு ஒரு வடிவம் அமைக்கப்படும். மூலத்தைக் காணாத வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்திற்குக் கொண்டு செல்வார். இதுவும் முழுக் காவலன்று. 'மயக்கம்' தூக்கக் கலக்கமாகவே ஆங்கிலத்திற்குத் திரும்பிவிட்டால் பிழை மறைந்துவிடும். ஆதலால் நோயாளிகளிடமே வினாவைக் காட்டி, "இதை எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பது இன்றியமையாதது.

அதன்பின் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் ஆராயப்படும். நிலை மாறாத நோயாளி சிறு இடைவெளியில் இருமுறை விடையளித்தால் எண்கள் பெரிதும் ஒத்திருத்தல் வேண்டும். முன்னரே ஏற்கப்பட்ட வேறொரு வினாநிரலின் முடிவுகளோடும் அவை பொருந்துதல் வேண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் அறியாத மருத்துவரிடம் தம் நோயைச் சொல்லும் தமிழ் முதியோர் பலர். கலைச்சொல் ஆக்கும் நாம், அச்சொல்லை அகராதியில் ஏற்றுமுன் அவர்களிடம் ஒருமுறை கேட்டறிதல் நலம்.