கம்ப்யூட்டரை விட்டால் படிப்பே இல்லையா? புல்மோட்டை மணல் சொல்லும் கதை

லாச்சப்பலில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதை தொடங்கினால் அது இரண்டு இடத்தில்தான் போய் நிற்கும். ஒன்று டொக்டர், மற்றது கம்ப்யூட்டர். நானும் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவன்தான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாங்கள் எழுதுகிற புரோகிராம் ஓடும் டேட்டா சென்டர்களுக்கு இன்றைக்கு உள்ள பெரிய தலையிடி கரண்ட். அதற்கு வழி தேடுகிற ஒரு துறையின் பெயர்கூட எங்கட வீடுகளில் அடிபடுவதில்லை. அதுதான் பொருளறிவியல். எந்தப் பொருள் எதைத் தாங்கும், எதைக் கடத்தும், ஏன் உடையும் என்று பார்க்கிற படிப்பு.

செரமிக் என்றால் எங்களுக்குக் கோப்பையும் டைல்ஸும்தான் ஞாபகம் வரும். சிர்கோனியா என்றொரு செரமிக் இருக்கிறது. பல் டொக்டர் மாட்டிவிடுகிற வெள்ளைப் பல் பல நேரம் அதுதான். கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்த 'சொன்ட் லம்டா'வின் உள்ளேயும் பெரும்பாலும் அதுதான்.

இந்தச் சிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியம் ஒட்சைட்டைக் கலந்து 800 பாகை அளவுக்குச் சூடாக்கினால், ஒட்சிசன் அயன்கள் அதன் ஊடாக நகரத் தொடங்கும். தகட்டின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எரிவாயு அல்லது ஐதரசன். அயன் தகட்டைக் கடந்து எரிபொருளோடு சேரும்போது இலத்திரன்கள் விடுபட்டு வயர் வழியாகச் சுற்றிவரும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். தீ இல்லை, சுழலுகிற எஞ்சினும் இல்லை. இதுதான் செரமிக் எரிபொருள் கலம்.

விசயம் புதிதில்லை. ஜெர்மன் விஞ்ஞானி நேர்ன்ஸ்ட் இதே வகைச் செரமிக்கில் செய்த விளக்குகள் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் எரிந்தன. 1937இல் சுவிஸில் பவுரும் பிரைசும் முதல் கலத்தைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகும் இது பல பத்தாண்டுகள் இழுபட்டது. சூடேறும்போது கலத்தின் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு அளவில் விரிந்தால் செரமிக் வெடித்துவிடும். சண்டை முழுக்க அந்த வெடிப்போடுதான்.

அந்தச் சண்டையில் இறங்கியவர்களில் ஒருவர் கே.ஆர். ஸ்ரீதர். இன்று என்.ஐ.டி. எனப்படும் திருச்சிக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து அமெரிக்கா போனவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, செவ்வாய்க் கிரகத்தின் காபனீரொட்சைட்டில் இருந்து ஒட்சிசன் பிரிக்கும் செரமிக் கருவியை நாசாவுக்காக உருவாக்கினார். 2001இல் அதைக் கொண்டுபோக இருந்த தரையிறங்கு கலத்தின் பயணம் கைவிடப்பட்டது. அவர் கருவியைத் தலைகீழாக யோசித்தார். கரண்ட் கொடுத்தால் ஒட்சிசன் வருமென்றால், ஒட்சிசனும் எரிபொருளும் கொடுத்தால் கரண்ட் வரத்தானே வேண்டும்? அதே 2001இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய புளூம் எனர்ஜி. 2024 நவம்பரில் அமெரிக்க மின் நிறுவனமான ஏ.இ.பி., டேட்டா சென்டர்களுக்காக 1,000 மெகாவாட் வரை இந்தக் கலங்களை வாங்க அதனோடு ஒப்பந்தம் போட்டது. கைவிடப்பட்ட செவ்வாய்க் கனவும் வீண்போகவில்லை. இதே வகைத் தொழில்நுட்பத்தில் வேறொரு குழு செய்த கருவி 2021 ஏப்ரலில் அங்கே ஒட்சிசன் எடுத்துக் காட்டியது.

இதை மந்திரப்பெட்டி என்று நினைக்கவேண்டாம். இந்தக் கலங்களில் பெரும்பாலானவை இன்றும் இயற்கை எரிவாயுவில்தான் ஓடுகின்றன. ஆகவே காபனீரொட்சைட்டு வரத்தான் செய்யும். விலையும் கூட, காலம் போகப்போகத் தகடுகளின் வலுவும் குறையும். இன்னும் வேலை மிச்சம் இருக்கிற துறை என்பதால்தான் பிள்ளைகளுக்கு அங்கே இடமும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சிர்கோனியா கிடைப்பது சிர்கன் மணலில் இருந்து. அந்த மணல் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் இருக்கிறது, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இருக்கிறது. புல்மோட்டையில் அரச நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்கன் என்று பிரித்தெடுத்துப் பெரும்பாலும் மணலாகவே கப்பலில் ஏற்றுகிறது. காணியும் மீன்பிடியும் பறிபோய்விடும் என்று கொக்கிளாய்ச் சனம் எதிர்த்துப் போராடியிருக்கிறது. மணல் எங்கட கரையில், மூளை எங்கட வீட்டில். இடையில் இருக்கவேண்டிய ஆய்வுகூடம்தான் எங்களிடம் இல்லை. காசு இருப்பதோ அந்த இடைவெளியில்.

அந்த இடைவெளியை நிரப்புகிற படிப்பு பிரான்ஸில் எங்கட காலடியில் கிடக்கிறது. 1893இல் பாரிசுக்குப் பக்கத்துச் செவ்ரில் தொடங்கிய செரமிக் பொறியியல் பள்ளி 1979இல் லிமோஜுக்குப் போனது. இன்றைக்கும் அங்கே செரமிக் எஞ்சினியர்கள் படித்து வெளியே வருகிறார்கள். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாத பிள்ளைகளுக்கு, ஐ.யூ.டி.களில் பொருளறிவியலுக்கென்றே மூன்று வருட பி.யூ.டி. படிப்பு உண்டு.

பார்க்கோர்சூப்பில் விருப்பங்களைப் போடும்போது, கணிதமும் இரசாயனமும் பிடித்த பிள்ளைக்கு இதையும் ஒரு வரியாகப் போடச் சொல்லுங்கள். புல்மோட்டை மணலை மணலாக விற்காமல் வேறு என்ன செய்யலாம் என்று ஒருநாள் கேட்பதற்கு, அதைத் தெரிந்த நாலு பேராவது எங்களுக்குள் வேண்டும்.