கச்சானுக்கு அஞ்ச வேண்டுமா?

ஹெவ்லொக் டவுன் முதல் கொட்டாஞ்சேனை வரை, ஒவ்வாமைக்கு அஞ்சிக் கைக்குழந்தைக்கு முட்டையும் கச்சானும் கொடாத தாய்மார் பலர். இவ்வச்சம் முற்றும் காரணமற்றதன்று. கருவில் தாயின் உடலோடு முரண்படாதிருக்கும் பொருட்டு, சிசுவின் நோயெதிர்ப்புக் கலங்கள் ஒவ்வாமைக்குத் துணைபோகும் பக்கமே சாய்ந்துள்ளன. பிறந்தபின் நுண்ணுயிர்களோடு பழகிப் படிப்படியாகச் சமநிலை எய்துகின்றன.

எனினும், உணவை விலக்குவது பாதுகாப்பாகாது. ஒவ்வாமை அபாயம் மிகுந்த 640 குழந்தைகளிடம் லண்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு இதனை நிறுவியது. ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை, அதனை விலக்கியோரில் நூற்றுக்கு 17 பேருக்கும், முதலாண்டிலேயே உண்ணத் தொடங்கியோரில் 3 பேருக்குமே காணப்பட்டது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் நன்கு அவித்த முட்டையையும், மாவாக அரைத்த கச்சானையும் உணவில் குழைத்துச் சிறிது சிறிதாக ஊட்டலாம். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், கூடாது. கடும் தோல் அழற்சியுள்ள குழந்தையாயின் முதலில் வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.